சீட்டில் யார் பெயர்? செபராங் பிறை வயல்களும் நெல் மானியமும்

ஜனவரி அறுவடை நேரத்தில் ஒரு நாள் சித்தப்பா மகனோடு லாரியில் பினாகா பக்கம் போயிருந்தேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் இருக்கிறது அந்த ஊர். அவனுக்கு வேலை லாரி ஓட்டுவது. அறுவடை இயந்திரம் கொட்டிய நெல் மூட்டை கட்டாமல் அப்படியே பின்தொட்டியில் குவிந்து கிடந்தது, மேலே ஒரு தார்ப்பாய். மில் வாசலில் வரிசை நீளம். வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு எங்கள் முறை வந்தது. லாரி தராசு மேடையில் ஏறியது. ஒரு பையன் நீளமான குழாயை நெல்லுக்குள் மூன்று இடத்தில் குத்தி மாதிரி எடுத்துக்கொண்டு போனான். சின்னக் கருவி ஒன்று ஈரம் பார்த்தது. பிறகு கண்ணாடி ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சீட்டு வந்தது. அதில் மொத்த எடை, கழிவு 21 விழுக்காடு, நிகர எடை, எல்லாவற்றுக்கும் மேலே ஒருவர் பெயர்.

அந்தப் பெயருக்குரியவர் அன்றைக்கு வயலுக்கும் வரவில்லை, மில்லுக்கும் வரவில்லை. அவருடைய விவசாயி அட்டை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டு லாரியின் முன்கண்ணாடிப் பக்கம் கிடந்தது. சீட்டை நான் படித்து முடிப்பதற்குள் தம்பி வாங்கிப் பத்திரமாக மடித்துக்கொண்டான். "அண்ணே, நெல்லைவிட இது முக்கியம். இதுதான் காசு."

அவன் சொன்னது சரிதான். நம் ஊரில் நெல் விவசாயத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி இந்த மாதிரிச் சீட்டுகள், அட்டைகள், பதிவேடுகள் வழியாகத்தான் நடக்கிறது. பாகான் டாலாம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இந்தப் பேச்சு வந்தால், "கவர்மெண்ட் விவசாயிக்கு அள்ளிக் கொடுக்குது, நமக்குத்தான் ஒன்னும் இல்லை" என்று ஒரு பெரியவர் முடித்துவிடுவார். அந்த வாக்கியத்தில் பாதி உண்மை. "விவசாயி" என்று யாரைச் சொல்கிறோம், "கொடுப்பது" எந்த வழியில் போகிறது என்று பார்த்தால்தான் மறுபாதி தெரியும்.

பினாங்கு என்றதும் தீவும் பாலமும் நினைவுக்கு வரும். நெல் இருப்பது பெரும்பாலும் இந்தப் பக்கம், பெருநிலத்தில்தான். பினாகா, கெப்பாளா பத்தாஸ், பினாங் துங்கால், அப்புறம் பெர்மாத்தாங் பாவ் சுற்றுவட்டாரம். தீவில் பாலிக் பூலாவில் ஒரு துண்டு மிச்சம். வடக்கே கெடாவோடு எல்லை போடுகிற சுங்கை மூடா ஆறுதான் வயலுக்கும் தண்ணீர், நம் வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர். நாட்டின் நெற்களஞ்சியப் பகுதிகள் என்று மத்திய அரசு வகுத்தவற்றில் பெரியது கெடா, பெர்லிசின் மூடா. பினாங்கின் பகுதி அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, ஆனால் ஹெக்டருக்கு விளைச்சலில் நல்ல பெயர் வாங்கியது. இந்த வயல்காட்டில் நிலத்தை அளக்கிற சொல் ரெலோங். பினாங்கில் ஒரு ரெலோங் ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்கும் கொஞ்சம் மேலே. ஆற்றைத் தாண்டிக் கெடாவுக்குள் போனால் அதே சொல் முக்கால் ஏக்கருக்கும் குறைவு. பாட்டன் காலத்திலிருந்து இரண்டு கரையிலும் நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இது மனப்பாடம். புதிதாக வருகிறவர்தான் விலை கேட்டு ஏமாந்துபோவார்.

சரி, மானியம் என்னென்ன? முதலில் வந்தது உரம். 1979இல் நெல் விவசாயிகளுக்கு மத்திய அரசு இலவச உரம் கொடுக்கத் தொடங்கியது, இன்றுவரை நடக்கிறது. நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டு மூட்டைகள் வரும். பணமாகக் கையில் வராது. வட்டார விவசாயிகள் சங்கம், மலாயில் பிபிகே என்கிறோமே, அதன் கிடங்கில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே, 1980இல், விலை மானியம் வந்தது. மில்லில் போடுகிற நெல்லின் எடைக்கு ஏற்ப அரசாங்கம் மேற்கொண்டு ஒரு தொகை தரும் என்பதுதான் திட்டம். ஆனால் அதை ரொக்கமாகத் தராமல் கூப்பனாகக் கொடுத்தார்கள். ஒரு பிக்குலுக்கு, அதாவது ஏறக்குறைய 60 கிலோவுக்கு, இரண்டு வெள்ளி (ரிங்கிட்), அதுவும் காகிதத்தில். கோபப்பட்ட விவசாயிகள் அந்த ஜனவரியில் அலோர் ஸ்டாரில் ஆயிரக்கணக்கில் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பிறகு மானியமும் ரொக்கமானது, தொகையும் ஏறியது. பல ஆண்டுகள் அது டன்னுக்கு 248 வெள்ளி 10 சென் என்று ஒரு விசித்திரமான எண்ணில் நின்றது. அந்தப் பத்து சென் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: பிக்குலுக்குப் பதினைந்து வெள்ளி என்ற பழைய கணக்கை டன்னாக மாற்றியதில் வந்த மிச்சம் அது. பிறகு 360 ஆகி, அண்மை ஆண்டுகளில் 500 ஆகியிருக்கிறது.

இதோடு உழவுக் கூலிக்கு ஹெக்டர் கணக்கில் ஒரு தொகை, பூச்சிமருந்து, களைக்கொல்லிக்கு உதவி, சான்று பெற்ற விதைக்கு விலைச் சலுகை. இவற்றுக்குப் பக்கத்தில், மானியம் என்று சொல்ல முடியாவிட்டாலும் அதே வேலையைச் செய்கிற ஒன்று உண்டு. அது நெல்லுக்கான குறைந்தபட்ச விலை. 2014இல் டன்னுக்கு 1,200 வெள்ளியாக இருந்தது, பிறகு 1,300 ஆனது. விவசாயிகள் மீண்டும் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகு 2025 பிப்ரவரியில் 1,500 ஆனது. இந்தப் பணத்தை மில்காரர் தருகிறார், அரசாங்கம் தருவதில்லை. மானியம் மட்டும் தனியாக, சீட்டில் இருக்கிற பெயருடைய வங்கிக் கணக்குக்குப் போகும்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ரெலோங் நிலம் ஏறக்குறைய ஒரு ஹெக்டர். ஒரு பருவத்தில் அதில் ஆறு டன் நெல் வந்ததாக வைத்துக்கொள்வோம். மில்லில் ஈரத்துக்கும் கருக்காய்க்கும் தூசிக்கும் என்று 20 விழுக்காடு கழித்தால் நிகரம் 4.8 டன். விலை 7,200 வெள்ளி, மானியம் 2,400 வெள்ளி. இதே விளைச்சலில் இருபது ரெலோங் வைத்திருப்பவருக்கு மானியம் மட்டும் 24,000. ஆண்டுக்கு இரண்டு பருவம். எடைக்கு ஏற்ற மானியம் என்றால் அது நிலத்துக்கு ஏற்ற மானியம்தான். அதிகம் இருப்பவருக்கு அதிகம் போகும், இல்லாதவருக்கு இல்லாத அளவுக்குப் போகும். இதில் சதி எதுவும் கிடையாது, கணக்கு அப்படி. உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று வடிவமைத்த திட்டத்தை வறுமை ஒழிப்புத் திட்டம் என்று மேடையில் சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது.

அந்தக் கழிவு விழுக்காட்டையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மலாயில் 'போத்தோங்கான்', நம் ஆட்கள் வாயில் 'வெட்டு'. ஆறு டன்னில் ஒரே ஒரு விழுக்காடு கூடினால் 60 கிலோ போச்சு. விலையில் 90 வெள்ளி, மானியத்தில் 30 வெள்ளி. அன்றைக்குக் குழாயைக் குத்திய பையன் மழைநீர் ஊறிய மூலையில் குத்தினானா, நடுவில் குத்தினானா என்பதில் ஒரு குடும்பத்தின் ஒரு மாத மளிகை அடங்கியிருக்கிறது. லாரிக்காரர்கள் எந்த மில்லில் எவ்வளவு வெட்டு என்று கைப்பேசியில் பேசிக்கொள்வதைக் கேட்டால் பங்குச் சந்தை தோற்றுப்போகும். ஆனால் வயலில் நெல் நனைந்துவிட்டால் அலைய நேரமில்லை. பக்கத்து மில் சொல்வதுதான் எடை.

ஆக, மானியம் விவசாயி கைக்கு வருவதற்குள் அது பலருடைய வியாபாரமாகவும் இருக்கிறது. உரத்தை அரசாங்கத்துக்கு விற்பவர் ஒருவர், கிடங்குக்கு ஏற்றுபவர் ஒருவர். உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வைத்திருப்பவர்கள் வேறு. வயதான விவசாயி இப்போது வயலில் இறங்குவது குறைவு. உழுவது, விதைப்பது, மருந்தடிப்பது, அறுப்பது எல்லாம் கூலிக்குத்தான். உழவுக்கு மானியம் கூடினால் உழவுக் கூலி பழைய இடத்திலேயே நிற்கும் என்று யாரும் நம்புவதில்லை. மேலே போனால் பெர்னாஸ் இருக்கிறது. பழைய நெல், அரிசி வாரியத்திலிருந்து பிறந்து 1996இல் தனியார் கைக்குப் போன நிறுவனம். அரிசி இறக்குமதி முழுக்க அதன் உரிமை, அந்தச் சலுகை 2031 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதை எழுதப் புகுந்தால் தனிக் கட்டுரை, இங்கே வேண்டாம்.

சாப்பிடுகிறவர்களும் பெறுநர்களே. உள்நாட்டு வெள்ளை அரிசி பத்துக் கிலோ மூட்டை 26 வெள்ளிக்கு மேல் விற்கக் கூடாது என்று 2008இலிருந்து கட்டுப்பாடு. நெல்லுக்குக் கொடுக்கிற மானியம் இந்த விலையைத் தாங்கிப் பிடிக்கவும்தான். 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் முதல் தேதி இறக்குமதி அரிசி விலை டன்னுக்கு 2,350இலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. உடனே கடைகளில் உள்ளூர் அரிசி காணாமல் போனது ஞாபகம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே அவ்வளவு விலை வித்தியாசம் வந்தால் 26 வெள்ளி மூட்டை எங்கே போய் எந்தப் பைக்குள் புகுந்து வெளியே வரும் என்று சொல்லத் தேவையில்லை. நம் வீடுகளில் இன்னொரு வேடிக்கை. தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பேர் சாப்பிடுவது பொன்னி, இட்லிக்குப் புழுங்கல். லெபோ பாசார் கடைகளில் அடுக்கியிருக்கும் அந்த மூட்டைகள் இந்தியாவிலிருந்து வருபவை. 26 வெள்ளிக் கட்டுப்பாட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. வரி கட்டுவதில் பங்கு உண்டு, விலைச் சலுகையில் நாமாகவே வெளியே நிற்கிறோம். நாக்கு கேட்பதில்லை.

இப்போது அந்தச் சீட்டில் இருந்த பெயருக்கு வருவோம். விதிப்படி மானியம் பயிரிடுகிறவருக்கு. நிலச் சொந்தக்காரருக்கு என்று எங்கேயும் எழுதவில்லை. வாடகைக்கு எடுத்துப் பயிரிட்டாலும் அவர்தான் பதிவாக வேண்டும், அவர் பெயரில்தான் உரம், விலை மானியம் எல்லாம். ஆனால் பதிவாவதற்கு நிலத்தின் கெரான், அதாவது பட்டா, அதன் நகல் வேண்டும், சொந்தக்காரர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். சொந்தக்காரர் என்ன நினைப்பார்? குத்தகைக்காரர் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டால் நாளைக்கு நிலத்தை விட்டுப் போகமாட்டேன் என்பாரோ என்ற பயம் ஒரு பக்கம். உரமும் மானியமும் என் பெயரிலேயே வரட்டுமே என்ற ஆசை மறு பக்கம். அதனால் வாடகை வாய்ப்பேச்சில் முடிகிறது, பதிவேட்டில் பழைய பெயரே நிற்கிறது.

முதலில் சொன்ன லாரியில் இருந்த நெல் என் தம்பி விதைத்தது. அதை அவன் எனக்குச் சொன்னது மில்லிலிருந்து திரும்பும் வழியில்தான். ஒரு மலாய்ப் பெரியவரிடம் இரண்டு ரெலோங் வாடகைக்கு எடுத்து மூன்று பருவமாகப் பயிரிடுகிறான். லாரி ஓட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில். "அப்போ அந்தப் பெயர்?" "பாக் ஹாஜி பேரு." "மானியம்?" "அவர் அக்கவுண்டுக்குப் போவும். அவர் நல்ல மனுசன் அண்ணே, வந்ததும் கூப்பிட்டுக் கொடுப்பாரு. கொஞ்சம் எடுத்துக்குவாரு." உர மூட்டையிலும் அப்படியே. பாதியை இவன் வயலுக்குக் கொடுத்துவிட்டு மீதியை அவர் தன் ரம்புத்தான் மரங்களுக்கு வைத்துக்கொள்வாராம்.

இந்த ஏற்பாட்டில் யாரும் யாரையும் பெரிதாக ஏமாற்றவில்லை. அதுதான் இதைப் புரிந்துகொள்வதில் உள்ள சிரமம். பினாகா முதல் பெர்மாத்தாங் பாவ் வரை இது சாதாரண விஷயம். இதில் மாட்டிக்கொண்டிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், என் தம்பியைப் போன்ற தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பொருளாதாரப் பாடத்தில் ஒரு பழைய விஷயம் சொல்வார்கள்: நிலத்தோடு ஒட்டிய மானியம் மெல்ல வாடகைக்குள் போய்ச் சேரும். டன்னுக்கு 360 தந்தது 500 ஆனது என்று செய்தி வந்த வாரமே, "அடுத்த சீசன் வாடகை கொஞ்சம் பேசணும்" என்று நிலக்காரர் சொல்வார். குத்தகைக்காரர்களைக் காப்பாற்ற 1967இலேயே ஒரு சட்டம் வந்தது, நெல் நிலத்தின் வாடகைக்கு உச்சவரம்பு வைத்து, எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும் என்று. சட்டம் இன்னும் இருக்கிறது. வாய்ப்பேச்சு வாடகைக்கு முன்னால் எழுத்துச் சட்டம் என்ன செய்யும்?

கெரானிலும் பிரச்சினை. பாட்டன் பெயரில் உள்ள இரண்டு ரெலோங் நான்கு பிள்ளைகளுக்கு, அவர்கள் வழியே பதினைந்து பேரன் பேத்திகளுக்கு என்று பாகம் பிரியும். காகிதத்தில் ஆளுக்கு ஒரு மூலை, நிலத்தில் ஒரே வயல். பெயர் மாற்றச் செலவும் அலைச்சலும் உண்டு என்று அப்படியே விட்டுவிடுவார்கள். செத்துப்போனவர்கள் பெயரில் கிடக்கிற வயல்கள் ஏராளம். அவர்கள் வந்து சம்மதக் கடிதம் கொடுக்க முடியாது.

சரி, சாப்பாட்டுக் கடைப் பெரியவர் சொன்னதுக்கு வருவோம். தமிழர்களான நமக்கு ஏன் இல்லை?

பல மாநிலங்களில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று, மலாய்க்காரர் அல்லாதவர் வாங்க முடியாத சட்டத் தடை உண்டு. பினாங்கிலும் மலாக்காவிலும் அந்தச் சட்டம் இல்லை, பிரிட்டிஷ்காரர் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றப் பகுதிகளாக இருந்ததால் இங்கே நிலச் சட்டத்தின் வரலாறே வேறு. ஆகவே செபராங் பிறையில் ஒரு தமிழர் வயல் வாங்கச் சட்டம் தடுப்பதில்லை. வாங்கியவர் குறைவு, அவ்வளவுதான். ஏன் குறைவு என்றால் நம் ஆட்கள் இந்த மண்ணுக்கு வந்த விதம்தான் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் தெற்குப் பகுதி முழுக்கக் கரும்பு. நிபோங் திபால், பத்து காவான், வால்டோர், எல்லாம் கரும்புத் தோட்டங்களாக இருந்தவை. கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் இறக்கப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நிபோங் திபாலில் கலிடோனியா தோட்டத்துத் துரை மாளிகை ஒன்று இன்னும் இடிந்துபோய் நிற்கிறது, 99 கதவு பங்களா என்று பேய்க்கதை கேட்கப் போகிறார்கள். துரை வீட்டில் கதவை எண்ணுகிறார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டில் எண்ணுவதற்கு ஒரு கதவுதான். அதுவும் வேலை இருக்கும் வரைக்கும்.

நூறாண்டுக்கு மேல் மண்ணில் வேலை செய்த சமூகம். ஆனால் அரசாங்கப் பதிவேடு அவர்களை விவசாயி என்று எழுதவில்லை, தொழிலாளி என்று எழுதியது. வித்தியாசம் என்ன என்பதை ரப்பர் காட்டும். ரப்பர் மறுநடவு நிதி 1952இல் வந்தது. பணம் எங்கிருந்து? ஏற்றுமதியாகும் ரப்பர் மீது விதித்த தீர்வையிலிருந்து. அந்த ரப்பரில் கணிசமான பங்கு தோட்டத்துத் தமிழர்கள் விடியற்காலையில் மரம் வெட்டிச் சேர்த்த பால் (மரம் வெட்டுவது என்று நம் ஆட்கள் சொல்வது பால் எடுக்கப் பட்டையைக் கீறுவதை). பணம் திரும்பிப் போனது மரத்துக்குச் சொந்தக்காரருக்கு: கம்பெனிக்கும், சிறுதோட்டக்காரருக்கும். 1973இல் ரிஸ்டா என்ற அரசு அமைப்பு வந்தபோது அதன் வேலையே சிறுதோட்டக்காரர்களுக்கு உதவுவது. நூறு ஏக்கருக்குக் குறைவாக நிலம் இருந்தால் சிறுதோட்டம், நூறு ஏக்கரும் அதற்கு மேலும் எஸ்டேட். என் அப்பா முப்பது ஆண்டுக்கு மேல் மரம் வெட்டினார். அவருக்கு ரிஸ்டா என்றால் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வந்து நிற்கிற ஜீப், அதில் இறங்குகிற ரப்பர் கன்றுகள். மறுநடவு சமயத்தில் கம்பத்துக்காரர்களுக்கு உதவித்தொகை, எஸ்டேட்டில் மறுநடவு என்றால் அப்பாவுக்கு வேறு பிரிவுக்கு மாற்றம்.

தோட்டங்களை வாங்கிவிடலாம் என்று முயன்றவர் அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தபோது, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் போன்ற தோட்டங்கள் அப்படி வந்தவை. பெரிய காரியம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சேர்ந்து வாங்கிய தோட்டமும் நூறு ஏக்கருக்கு மேலேதான், ஆகவே பதிவேட்டில் எஸ்டேட்தான். பங்குதாரர் கையில் பங்குப் பத்திரம் இருந்தது, கெரான் இல்லை. சிறுதோட்டக்காரருக்கு வரும் எந்த உதவியும் அந்தப் பத்திரத்தைத் தேடி வராது. நிலத்தை ஆளுக்கு ஐந்து ஏக்கராகப் பிரித்துக் கொடுத்திருந்தால் இன்றைக்கு நாலு பேர் ரிஸ்டா பட்டியலில் இருந்திருப்பார்கள், நாற்பது பேர் விற்றுச் சாப்பிட்டிருப்பார்கள் என்று என் மாமா சொல்வார். இரண்டும் நடந்திருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ரப்பரில் ஒரு சின்ன விலக்கு உண்டு, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. விலை ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால் ரப்பர் வாரியம் ஊக்கத்தொகை தருகிறது. மழைக்கால உதவியும் உண்டு. அதற்கு வேண்டியது பாட்-ஜி என்ற அனுமதி அட்டை. அந்த அட்டையை நிலச் சொந்தக்காரர் மட்டுமல்லாமல், சிறுதோட்டத்தில் மரம் வெட்டுபவரும் எடுக்கலாம். கெடா எல்லைப் பக்கம் இன்னும் அடுத்தவர் நிலத்தில் விளைச்சலில் பங்குக்கு மரம் வெட்டுகிற தமிழர்கள் இருக்கிறார்கள். உழைப்பவர் பெயரும் பதிவேட்டில் ஏற வழி இருக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம். இங்கேயும் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் காரியம் நடக்காது என்பது வேறு விஷயம்.

காய்கறி போடுபவர்கள், மாடு வளர்ப்பவர்கள் நிலை இன்னும் மோசம். மின்கம்பிக்குக் கீழே, ரயில் பாதை ஓரம், வாய்க்கால் கரை என்று கிடைத்த இடத்தில் வெண்டையும் கீரையும் போட்டிருப்பார்கள். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனால் இழப்பீடு கேட்கக்கூட முடியாது, கேட்டால் அங்கே நீ எப்படி வந்தாய் என்பார்கள். முட்டை மானியத்தைப் பாருங்கள், அது நேர் எதிர். ஒரு முட்டைக்குப் பத்து சென் என்று பண்ணைக்குக் கொடுத்தார்கள், 2025 மே மாதம் ஐந்து சென்னாக்கி ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். முட்டைக்கு இவ்வளவு என்றால் லட்சக்கணக்கில் கோழி வைத்திருக்கும் பண்ணைக்குத்தான் பெரும்பங்கு போயிருக்கும். லயத்துக்குப் பின்னால் பத்து நாட்டுக்கோழி வளர்த்த பாட்டி எந்தப் படிவத்தை நிரப்புவார்?

டீசலும் அப்படியே. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15இலிருந்து 3.35 வெள்ளியானது. சரக்கு லாரிகளுக்குத் தனி அட்டை மூலம் பழைய விலை தொடர்ந்தது, சிறு விவசாயிகளுக்குத் தகுதியைப் பார்த்து மாதம் 200 வெள்ளி. தம்பி ஓட்டுகிற லாரிக்கு அட்டை இருக்கிறது. அது தவுக்கே பெயரில், லாரி முதலாளி பெயரில். 200 வெள்ளிக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் விவசாயி என்று காட்டப் பதிவு இல்லை, டீசல் வண்டியும் அவன் பெயரில் இல்லை. நெல்லிலும் டீசலிலும் மானியத்தின் நடுவிலேயே நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறான்.

பதிவு செய்து பார்க்கலாமே என்று போன ஆண்டு நான்தான் கிளப்பிவிட்டேன். இருவரும் ஓர் அலுவலகக் கவுண்டருக்குப் போனோம். உட்கார்ந்திருந்த பெண் பொறுமையாகப் பேசினார். தமிழன் நெல் போடுகிறானா என்று ஆச்சரியப்பட்டாரே தவிர முகம் சுளிக்கவில்லை. படிவம் கொடுத்தார், கெரான் நகலும் சம்மதக் கடிதமும் கொண்டுவரச் சொன்னார். பாக் ஹாஜியிடம் போய்க் கேட்டோம். வெகுநேரம் தாடியைத் தடவிவிட்டு, சரி எடுத்துக்கொள் என்று உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். கெரான் மஞ்சளாகி மடிப்பில் கிழிந்திருந்தது. பெயர் அவருடையது இல்லை, அவருடைய அப்பாவுடையது. 1980களில் காலமானவர். வாரிசுகள் ஐந்து பேர்.

மூத்தவர் பாக் ஹாஜியே. இரண்டாவது தம்பி பக்கத்துக் கம்பத்தில், அவர் அன்று மாலையே கையெழுத்துப் போட்டுவிட்டார், இரண்டு குழந்தைகளை லாரியில் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போனதுக்கு. ஜொகூரில் இருக்கும் தங்கை நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது போட்டார். இறந்துபோன ஒரு தம்பியின் பிள்ளைகள் மூவர், அதில் ஒருவர் சிங்கப்பூரில் வேலை. கடைசித் தங்கை மட்டும் நிலத்தை விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில் இருக்கிறார், அந்தப் பக்கம் வீட்டுமனை போடுகிறார்களாம், ஒரு புரோக்கர் வந்து பேசியிருக்கிறார். இந்தப் பருவத்துக்கும் உரம் பாக் ஹாஜி பெயரில்தான் வந்தது. தம்பி தன் பங்கு மூட்டைகளை எடுத்துக்கொண்டு விதைத்துவிட்டான்.